கிரப்ஸ் வினையூக்கி ஏன் பாதி வழியில் செத்துப் போகிறது?

கேள்வி: டையீனை (இரண்டு இரட்டைப் பிணைப்புள்ள மூலக்கூறை) வளையமாக மூட இரண்டாம் தலைமுறை கிரப்ஸ் வினையூக்கி போடுகிறேன், இரட்டைப் பிணைப்புகளைப் பிரித்து மாற்றிக் கோக்கும் ருத்தேனியச் சேர்மம். முதலில் வேகமாகப் போகிறது, அப்புறம் பாதியில் நின்றுவிடுகிறது. பாட்டில் கெட்டுவிட்டதா, இன்னும் கொஞ்சம் போட்டால் முடியுமா?

முதலில் வேகமாகப் போனது என்றால் பாட்டில் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. இது போன்ற ருத்தேனியம் கார்பீன்கள் (உலோகம் ஒரு கார்பனை இரட்டைப் பிணைப்பால் பிடித்திருக்கும் சேர்மங்கள்) திடப்பொருளாக இருக்கும்போது காற்றைக்கூட ஓரளவு தாங்கும். அவை சாவது வேலை செய்யும்போதுதான்.

உங்கள் டையீனின் இரு முனைகளும் CH2 என்று வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு எத்திலீன் வெளியேறும், அந்தச் சுற்றில் உலோகம் மெத்திலிடீனாக, அதாவது Ru=CH2 ஆக, ஒருமுறை மாறியே தீர வேண்டும். மொத்தச் சுழற்சியிலும் பலவீனமான ஆள் இதுதான். முதல் தலைமுறை கிரப்ஸில் 55 டிகிரி செல்சியஸில் அளந்திருக்கிறார்கள்: பென்சிலிடீனின் (Ru=CHPh) அரை ஆயுள் சுமார் 8 நாள், புரோப்பிலிடீனுக்கு (Ru=CHCH2CH3) 8 மணி நேரம், மெத்திலிடீனுக்கோ வெறும் 40 நிமிடம். உலோகத்தோடு ஒட்டியிருக்கும் ஒரு பாஸ்பீனை (பாஸ்பரஸ் சேர்மத்தை) எடுத்துவிட்டு என்-ஹெட்டிரோசைக்ளிக் கார்பீனை வைத்த இரண்டாம் தலைமுறையில் மெத்திலிடீனின் அரை ஆயுள் ஐந்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போகிறது. (ஒரே உலோகத்தில் இரண்டு கார்பீன்கள். ஒன்று வினையில் இறங்கி உழைக்கிறது, மற்றது லிகண்டாக, அதாவது உலோகத்தோடு ஒட்டிய துணையாக, அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததில் மாணவர்கள் குழம்புவது நியாயம்தான்.)

கொல்வது யார் என்றால், கழன்று போன பாஸ்பீன். வினையூக்கி வேலையைத் தொடங்க அது விலகித்தான் ஆக வேண்டும், ஆனால் விலகியது சும்மா இருப்பதில்லை, திரும்பி வந்து CH2-வின் கார்பனையே தாக்கி, கடைசியில் மெத்தில் பாஸ்போனியம் உப்பாகக் கார்பீனை உருவிக்கொண்டு போய்விடும். மிச்சமிருக்கும் ருத்தேனியம் இன்னொன்றுடன் சேர்ந்து இரட்டை உலோக ஹைட்ரைடு (ஹைட்ரஜன் ஒட்டிய, இரு ருத்தேனியம் கொண்ட சேர்மம்) ஆகிறது என்று கிரப்ஸ் குழுவே 2004-ல் காட்டியது. செத்ததோடு போனால் பரவாயில்லை, இந்த ஹைட்ரைடு இரட்டைப் பிணைப்புகளை இடம் மாற்றும். நிறை நிறமாலையில் உங்கள் விளைபொருளைவிட 14 குறைவாக ஒரு உச்சி தெரிந்தால், பிணைப்பு நகர்ந்த பிறகு வளையம் மூடி ஒரு CH2 குறைந்த பொருள் வந்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். 1,4-பென்சோகுவினோன் 10 மோல் சதவீதம் சேர்த்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் அடங்கும்.

மூலக்கூறில் தடையில்லாத அமீன் இருந்தால் அதுவும் பாஸ்பீனைப் போலவே தாக்கும், உப்பாக்கியோ பாதுகாப்புத் தொகுதி போட்டோ அடக்கி வையுங்கள்.

சரி, இன்னும் கொஞ்சம் போடலாமா? போடலாம், ஆனால் மொத்தமாகக் கொட்டாதீர்கள். இரண்டு கார்பீன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதி ஆல்கீனாக இணைந்து அழியும் வழியும் உண்டு, செறிவு ஏற ஏற அது பல மடங்காகும். அதே அளவைச் சிறுசிறு பங்காகச் சேர்ப்பது மேல்.

ஆனால் நானாக இருந்தால் வினையூக்கியின் அளவைத் தொடுவதற்கு முன் எத்திலீனைத்தான் வெளியேற்றுவேன். மூடிய குடுவையில் அது தங்கிவிட்டால் திரும்பத் திரும்ப மெத்திலிடீன்தான் உருவாகும். கரைசலுக்குள் ஆர்கான் குமிழிகளை மெதுவாக விட்டாலே வித்தியாசம் தெரியும், கரைப்பான் ஆவியாகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பாஸ்பீனே இல்லாத ஹோவைடா-கிரப்ஸுக்கு மாறுங்கள். அமீனும் மோதலும் அதையும் விடாது, ஆனால் பாஸ்பீன் தாக்குதல் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. டையீனை நீங்களே தயாரிப்பதாக இருந்தால் ஒரு முனையில் அல்லைலுக்குப் பதில் குரோட்டைல் (முனையில் CH2-க்குப் பதில் CHCH3) வைத்தும் பார்க்கலாம், அப்போது எத்திலீனுக்குப் பதில் புரோப்பீன் வெளியேறும், மெத்திலிடீனின் பங்கும் குறையும்.