வகுப்புக்கு முந்தைய இரவில் மட்டும் கையில் எடுக்கும் குழல்

கேள்வி: நாற்பது வயதில் ஆசைப்பட்டுப் புல்லாங்குழல் கற்கத் தொடங்கினேன். வாரம் ஒரு நாள் ஆசிரியரிடம் தனி வகுப்பு. எட்டு மாதங்கள் ஆகிவிட்டன. வேலை, வீடு என்று நாள்கள் ஓடிவிடுவதால், வகுப்புக்கு முந்தைய இரவு மட்டும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாசிக்கிறேன். கீழே உள்ள சுவரங்கள் ஓரளவு வருகின்றன. மேல் ஸ்தாயிக்கு, அதாவது உயர்ந்த சுவரங்களுக்குப் போனால் கீச்சென்ற சத்தமும் வெறும் காற்றும்தான், தலையும் சுற்றுகிறது. ஆசிரியர் முன்னால் போய் உட்காரவே கூச்சமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா? – ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் திறமைக் குறைவின் அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரிவதெல்லாம் வாரத்துக்கு ஒரு முறை மட்டும் குழலைத் தொடும் ஒருவருக்கு நேரக்கூடியதுதான்.

உங்கள் உதட்டுக்கும் குழலின் துளைக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று பாருங்கள். உதடுகளின் சிறு இடைவெளி வழியாக வரும் காற்று, துளையின் எதிர் விளிம்பில் மோதி உள்ளும் புறமுமாக மாறி மாறி அசைகிறது. அந்த அசைவில்தான் நாதம் பிறக்கிறது. மூங்கில் குழலானாலும் உலோகக் குழலானாலும் இது ஒன்றுதான். மேல் ஸ்தாயிக்குக் காற்று வேகமாகப் போக வேண்டும். அதிகமாகப் போக வேண்டியதில்லை. உதட்டின் இடைவெளியைச் சுருக்கி, உதட்டைச் சற்றே விளிம்பை நோக்கி நகர்த்தினால் அதே மூச்சு வேகம் கொள்ளும். புதிதாகக் கற்பவர்கள் இதைச் செய்யாமல் பலமாக ஊதிவிடுகிறார்கள். சத்தம் கீச்சிடுகிறது, சுருதி ஏறிப்போகிறது, தேவைக்கு மேல் மூச்சு வாங்கி விடுவதால் தலை சுற்றுகிறது. சுற்றும்போது குழலைக் கீழே வைத்துவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். ஊதாத வேளையிலும் தலைசுற்றல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

உதட்டின் இந்த நுட்பம் வெறும் சில மில்லிமீட்டர் விவகாரம். ஒரே இரவில் ஒரு மணி நேரம் முயன்றால் உதட்டுத் தசை களைத்துப்போகும். களைத்த உதடு தவறான பிடியைத்தான் பழகும். அதே ஒரு மணி நேரத்தைப் பிரித்து, நாளுக்குப் பத்து நிமிடமாக ஆறு நாள் வாசியுங்கள். ஒவ்வொரு நாளும் உதடு அந்த இடத்தைப் புதிதாகத் தேடிக் கண்டுபிடிக்கிறது. அந்தத் தேடல்தான் பழக்கமாகிறது. பத்து நிமிடம் இருபதாக வளர்ந்தால் நல்லது. வளராவிட்டாலும் வருந்த வேண்டாம்.

அந்தப் பத்து நிமிடத்தில் பாட்டைத் தொடாதீர்கள் என்றுகூடச் சொல்வேன், முதல் சில வாரங்களுக்காவது. பின்னணியில் தொடர்ந்து ஒலிக்கும் ஆதார சுருதியை ஒலிக்கவிட்டு, ஒரே சுவரத்தை ஒரு மூச்சு முழுக்க நீட்டுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் சுருதி அசையாமல் நிற்கிறதா என்று கேளுங்கள். பிறகு கீழ் ஸ்தாயிச் சுவரம் ஒன்றைப் பிடித்து, விரல்களை மாற்றாமல் உதட்டால் மட்டும் அதன் மேல் ஸ்தாயிக்கு ஏறி, திரும்ப இறங்குங்கள். எந்தச் சுவரம் இதற்கு ஏற்றது என்று ஆசிரியர் சொல்வார். சலிப்பான வேலைதான். ஆனால் உங்கள் கீச்சுச் சத்தத்துக்கு இதைவிட நேரான மருந்து எனக்குத் தெரியாது. குழல் குளிர்ந்திருக்கும்போது சுருதி தாழ்ந்தே ஒலிக்கும் என்பதால், சுருதி சேர்க்கும் முன் சத்தமில்லாமல் உள்ளே ஊதிச் சற்று வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள்.

பாடத்துக்கு வரும்போது முழு வரியையும் மறுபடி மறுபடி வாசிக்க வேண்டாம். தடுமாற்றம் பெரும்பாலும் இரண்டு சுவரங்களுக்கு நடுவில், பல விரல்கள் ஒரே நேரத்தில் எழுந்து விழ வேண்டிய இடத்தில்தான் ஒளிந்திருக்கும். அந்த இரண்டை மட்டும் எடுத்து, தவறே வராத அளவுக்கு மெதுவாக வாசியுங்கள். ஒன்பது முறை தப்பாக வாசித்து, பத்தாவது முறை சரியாக வந்ததும் எழுந்துவிட்டால், விரல்களுக்கு நினைவிருப்பது அந்த ஒன்பதுதான்.

இப்போது உங்கள் கூச்சம். வகுப்பைத் தேர்வறையாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். என் கவலையெல்லாம் அதைப் பற்றித்தான். தனி வகுப்பின் பெரிய வசதி, உங்கள் உதட்டை மட்டும் பார்க்க, உங்கள் மூச்சை மட்டும் கேட்க ஒருவர் அருகில் இருப்பது. அடுத்த முறை, “இந்த வாரம் வாசிக்க முடியவில்லை” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். “வீட்டில் எப்படிச் சாதகம் செய்கிறேனோ அப்படியே இங்கே கொஞ்ச நேரம் செய்கிறேன், எங்கே தவறுகிறேன் என்று பாருங்கள்” என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார். “இன்னும் நன்றாக வாசி” என்று மட்டும் சொல்லி, எப்படி என்று ஒருபோதும் காட்டாதவர் என்றால், குழலை விடாமல் ஆசிரியரை மாற்றுங்கள். எப்போதாவது இணையவழி வகுப்பு என்றால், செயலியில் இரைச்சலை நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். நீண்ட சுவரத்தை அது இரைச்சல் என்று எண்ணி விழுங்கிவிடும்.

வகுப்பு முடிந்த அன்றே, ஆசிரியர் சொன்னது காதில் இருக்கும்போதே, ஐந்து நிமிடம் வாசித்துவிடுங்கள். நாள்கள் கழித்து எடுத்தால் அவர் திருத்திய உதட்டு நிலை மறந்துபோயிருக்கும். எழும் முன், நாளை எங்கிருந்து தொடங்குவது என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். குழலை ஈரம் துடைத்து, நீங்கள் தினமும் கடந்துபோகும் இடத்தில், கைக்கு எட்டும்படி வையுங்கள். வாரம் ஒரு முறை கைபேசியில் ஒரே ஒரு நீண்ட சுவரத்தைப் பதிவு செய்யுங்கள். உடனே கேட்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து முதல் பதிவிலிருந்து வரிசையாகக் கேட்டுவிட்டு, எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.