கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் வேலை

வாசகர் கேள்வி – பதில்

(பனியில் நாய்கள் சறுக்குவண்டி இழுத்து ஓடும் யூகோன் குவெஸ்ட் என்னும் நெடுந்தூரப் பந்தயத்துக்கு 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் உதவியாளாகப் போய்வந்த நம் வாசகி ஒருவரின் படமும் சிறு குறிப்பும் சென்ற இதழில் வந்தன. அதைப் பார்த்து எழுதியவர்களின் கேள்விகளுக்கு அவரே பதில் தருகிறார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். டொரொன்டோவில் இருந்து வேலைக்காக வைட்ஹோர்ஸ் போய்ப் பத்து ஆண்டுகள் அங்கே இருந்தவர்.)

கேள்வி: ஓடுவது நாய்கள், ஓட்டுவது ஒருவர். இதில் உங்களுக்கு என்ன வேலை அக்கா?
– வாசகர், திருச்சி

தம்பி, வைக்கோல் வாரினேன். நாய்ப் பீ அள்ளினேன். லொறி ஓட்டினேன். மிச்ச நேரமெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த நிற்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை.

பந்தயம் 1984-இல் தொடங்கியது. கனடாவின் வைட்ஹோர்ஸுக்கும் அலாஸ்காவின் ஃபெயார்பாங்க்ஸுக்கும் இடையே ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர், பெப்ரவரி மாதத்தில். ஒற்றைப்படை ஆண்டுகளில் வைட்ஹோர்ஸிலிருந்து புறப்பட்டது, மற்ற ஆண்டுகளில் ஃபெயார்பாங்க்ஸிலிருந்து புறப்பட்டது. வண்டி ஓட்டுபவரை மஷர் என்பார்கள். கூடப் போகும் எங்களுக்கு ஹான்ட்லர் என்று பெயர். உறைந்த ஆற்றிலும் காட்டிலும் அவர்கள் போக, நாங்கள் லொறியில் நெடுஞ்சாலை வழியாக அடுத்த தரிப்பிடத்துக்குப் போய்க் காத்திருப்போம். லொறியின் முதுகில் இரண்டு தட்டாக மரப்பெட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு நாய், அடியில் வைக்கோல்.

தரிப்பிடத்தில் மஷருக்கு யாரும் கைகொடுக்கக் கூடாது. வைக்கோல் பரப்புவது, பனியை உருக்கித் தண்ணீர் காய்ச்சுவது, இறைச்சிக் கஞ்சி கரைத்து ஊற்றுவது, பதினான்கு நாய்களின் ஐம்பத்தாறு பாதங்களில் இருந்தும் துணிச் சப்பாத்தைக் கழற்றிக் களிம்பு பூசுவது, எல்லாம் அவரே செய்ய வேண்டும். தூங்காத கண்ணோடு, கையுறையைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும். வண்டி கிளம்பிப் போன பிறகுதான் எங்கள் முறை. கிடந்த வைக்கோலையும் கழிவையும் வாரி இடத்தைச் சுத்தமாக்கிக் கொடுப்போம்.

முதல் வருடம் கார்மாக்ஸில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் நாள் இரவு எங்கள் மஷர் வந்து நின்றா. விரல் விறைத்துப் போய், சப்பாத்துப் பை நழுவி என் காலடியில் விழுந்தது. குனிந்துவிட்டேன். விழுந்ததை எடுத்துக் கொடுக்காமல் இருக்க எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? பக்கத்தில் நின்ற நடுவர், "தொடாதே" என்று ஒரு சொல் சொன்னார். கை பாதியில் நின்றது. அவ நாலு அடி நடந்து வந்து, குனிந்து, எடுத்துக்கொண்டு போனா. என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தரிப்பிடத்திலும் இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டுதான் நிற்பேன்.

கேள்வி: வாயில்லாப் பிராணிகளை இப்படி ஓடவிடுவது பாவமில்லையா?
– வாசகி, கும்பகோணம்

இந்தக் கேள்வியோடுதான் நானும் போனேன் அம்மா. இந்தப் பந்தயங்களில் நாய்கள் இறந்திருக்கின்றன. அதை மறைத்துப் பேச மாட்டேன். பந்தயமே கூடாது என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதும் இல்லை.

நான் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன். பந்தயத்துக்குக் கூடவே மிருக வைத்தியர்கள் வருவார்கள். இதயத்தையும் நுரையீரலையும் கேட்பார்கள். தோலைக் கிள்ளிவிட்டு அது எவ்வளவு சீக்கிரம் பழையபடி படிகிறது என்று பார்ப்பார்கள், நாயின் உடம்பில் தண்ணீர் போதுமா என்று அதில் தெரிந்துவிடும். கால் மூட்டுகளை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வைத்தியக் குறிப்பேடு உண்டு, அதை மஷர் வண்டியிலேயே கொண்டுபோக வேண்டும். ஒரு நாய்க்கு எட்டுச் சப்பாத்து வண்டியில் இருக்க வேண்டும் என்பதும் அன்றைய சட்டம். விரலிடுக்கில் பனி உருண்டு கட்டியாகிப் புண்ணாக்கிவிடும், அதற்காகத்தான் சப்பாத்து.

இந்த நாய்கள் நீங்கள் படத்தில் பார்க்கும் நீலக்கண் நாய்கள் இல்லை. அலாஸ்கன் ஹஸ்கி என்பார்கள். இருபது, இருபத்தைந்து கிலோ எடை, மெலிந்த உடம்பு, நீண்ட கால். பந்தய நாளில் ஒரு நாய்க்குப் பத்தாயிரம் கலோரி வரை வேண்டும். வண்டியில் பூட்டும் நேரம் அவை போடும் கூச்சலைக் கேட்டால், ஓட விருப்பமில்லாத பிராணி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கடிவாளம் கிடையாது, சாட்டையும் கிடையாது. வலது என்றால் "ஜீ", இடது என்றால் "ஹா". ஆங்கிலம் பேசும் உழவர்கள் மாட்டுக்கும் குதிரைக்கும் சொன்ன சொற்கள்தான். முன்னால் ஓடும் நாய் குரலுக்குத் திரும்ப மறுத்தால் மனிதனால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் ஓட ஆசைப்படும் நாய்க்குத் தன் வலி தெரியாது. அதனால்தான் நிறுத்தத் தெரிந்த மனிதர் வேண்டும். பதினான்கு நாய்களோடு புறப்பட்டால் ஆறு நாய்களாவது முடிவில் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. இடையில் எத்தனையை வேண்டுமானாலும் தரிப்பிடத்தில் இறக்கிவிடலாம். இறக்கிய நாய் திரும்பப் பந்தயத்தில் சேர முடியாது. அதன் பிறகு அது ஹான்ட்லருடைய நாய். நல்ல மஷர் யார் என்று என்னைக் கேட்டால், கப் வாங்கியவரைக் காட்ட மாட்டேன். நாய் நொண்டுமுன் இறக்கிவிடுகிறவரைக் காட்டுவேன்.

கேள்வி: மஷருக்கு உதவவே முடியாதா? பாதி வழியிலாவது?
– வாசகர், மட்டக்களப்பு

பாதி வழியில் வரும் டோசன் நகரத்தில் முடிந்தது. நான் போன வருடங்களில் அங்கே 36 மணி நேரம் கட்டாய ஓய்வு. அந்த 36 மணி நேரத்துக்காகத்தான் ஹான்ட்லர் பிறந்திருக்கிறார் என்று நினைப்பேன்.

பெல்லி குரொசிங்கில் இருந்து டோசனுக்கு ஏறத்தாழ 320 கிலோமீட்டர். அந்தப் பந்தயப் பாதையை ஒட்டி லொறி போகும் வழி கிடையாது, நாங்கள் நெடுஞ்சாலையால் நேரே டோசன் போய்விடுவோம். அதனால் எங்களுக்குக் காத்திருப்பும் தயாரிப்பும்தான். டோசனில் யூகோன் ஆற்றுக்கு அக்கரையில் முகாம். கோடையில் படகில் கடக்கும் ஆற்றை அப்போது பனிக்கட்டிக்கு மேல் லொறியோடு கடப்போம். இடுப்பளவு பனியை வெட்டிப் பள்ளம் எடுத்து, தார்ப்பாய் கட்டி, கட்டுக்கட்டாக வைக்கோல் பரப்புவோம். ஆட்டுக்கொட்டில் கட்டிப் பழகிய கை எனக்கு, அது அங்கே உதவியது.

மஷர் வந்து சேர்ந்ததும் ஹொட்டலுக்குத் தூங்கப் போய்விடுவா. போகுமுன் ஒவ்வொரு நாயாகத் தொட்டுத் தொட்டு எங்களிடம் ஒப்புக்கொடுப்பா: இது சாப்பிடவில்லை, இதற்கு இடது தோள் இறுக்கம், இது பயந்திருக்கிறது, தனியாகப் படுக்கவிடாதே. அதற்குப் பிறகு நாங்கள்தான். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பிக் கொஞ்ச தூரம் நடத்த வேண்டும், இல்லாவிட்டால் தசை பிடித்துவிடும். சூடாகக் கஞ்சி. தோளிலும் மணிக்கட்டிலும் தைலம் போட்டு உருவிவிட வேண்டும். தூங்கும் நாயின் தோளை உருவும்போது அது கண்ணைத் திறக்காமலே தலையை நம் மடிக்கு நகர்த்தும். மைனஸ் 40 குளிரில் அந்தத் தலையின் சூடு துணியைத் தாண்டி வரும். இரண்டு இரவும் நான் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை. யாராவது தூங்கப் போ என்று சொன்னால் கோபம்தான் வந்தது.

டோசனில் இருந்து அலாஸ்காவுக்குப் போகும் மலைச்சாலை குளிர்காலத்தில் மூடியிருக்கும். ஆகவே அவர்கள் ஆற்றோடு ஈகிள் என்ற ஊருக்குப் போக, நாங்கள் வைட்ஹோர்ஸுக்கே திரும்பி, எல்லை கடந்து, ஃபெயார்பாங்க்ஸ் போய், அங்கிருந்து சேர்க்கிள் என்ற இடத்துக்கு ஏற வேண்டும். 1,700 கிலோமீட்டருக்கு மேல். நானும் இன்னொரு பையனும் மாறி மாறி ஓட்டினோம். எங்கே நிறுத்தினாலும் முதலில் நாய்களை இறக்கி நடத்துவோம், பிறகுதான் எங்களுக்குத் தேத்தண்ணி.

கேள்வி: அந்தக் குளிரில் என்ன சாப்பிட்டீர்கள்?
– வாசகி, கோயம்புத்தூர்

கொழுப்பு. வேறு எதுவும் உடம்பில் நிற்காது. பிரேபேர்ன் என்ற இடத்து விடுதியில் கறுவாப் பணிஸ் ஒன்று தந்தார்கள், ஒரு சாப்பாட்டுத் தட்டளவு பெரியது. இரண்டு பேர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிட்டோம். பிளாஸ்கில் நான் கொண்டுபோன ரசத்தை மஷர் பந்தயம் முடிந்த அன்று குடித்தா. முதல் நாளே தந்திருக்கலாமே என்றா. விதி விட்டிருக்காதே என்றேன்.

கேள்வி: எனக்கு 24 வயது. ஹான்ட்லராகப் போக ஆசை. வழி சொல்லுங்கள்.
– வாசகர், சென்னை

பந்தயப் பத்து நாளுக்கு மட்டும் யாரும் ஆள் எடுப்பதில்லை தம்பி. இலையுதிர் காலத்திலேயே போய் மஷரின் நாய்க் கொட்டிலில் தங்க வேண்டும். பனி விழுமுன் நான்கு சக்கர மோட்டார் வண்டியை இழுக்கவைத்து நாய்களைப் பழக்குவார்கள். தைமாதத்தில் உறைந்த இறைச்சியை மரம் அரியும் வாளால் துண்டுபோட்டு, தரிப்பிடப் பெயர் எழுதிப் பை பையாகக் கட்டுவார்கள். அந்த வேலைகளெல்லாம் ஹான்ட்லருக்குத்தான். அநேகமாகச் சாப்பாடும் படுக்கையும் மட்டும்தான், சம்பளம் இருக்காது. பனியில் லொறி ஓட்டத் தெரிய வேண்டும். விசா விதிகளை நீங்களே சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம்: யூகோன் குவெஸ்ட் 1,600 கிலோமீட்டர் பந்தயமாகக் கடைசியாக நடந்தது 2020-இல். பிறகு இரண்டு நாட்டு அமைப்பும் பிரிந்து, குறைந்த தூரப் பந்தயங்களைத் தனித்தனியே நடத்தத் தொடங்கின. அலாஸ்காவுக்குள்ளேயே ஓடும் இடிட்டராட் என்ற இன்னொரு பந்தயம் இன்னும் முழுத் தூரம் நடக்கிறது. ஆனால் அங்கே சாலை இல்லை, ஹான்ட்லரின் வேலை பெரும்பாலும் புறப்படும் இடத்தோடு முடிந்துவிடும். இறக்கிவிட்ட நாய்களைச் சிறு விமானங்களில் கொண்டுவருவார்கள்.

கேள்வி: சென்ற இதழ்ப் படத்தில் உங்கள் மடியில் தலை வைத்திருக்கும் நாயின் பெயர் என்ன?
– வாசகி, பெனாங்

ஜூனோ. 2011-இல் எங்கள் குழுவின் முன்னோடி நாய். பெல்லி குரொசிங்கில் வலது மணிக்கட்டு வீங்கியதால் இறக்கிவிட்டோம். மஷர் அவளுடைய காதுக்குள் ஏதோ சொல்லிவிட்டு, மற்ற நாய்களைக் கூட்டிக்கொண்டு போனா. வண்டியின் விளக்கு ஆற்று வளைவில் மறையும் வரை ஜூனோ இழுத்துக்கொண்டே நின்றாள். பிறகு விடியும் வரை ஊளை. கஞ்சி வைத்தேன், முகர்ந்தும் பார்க்கவில்லை. பெட்டியில் விட மனமில்லாமல் லொறியின் முன் இருக்கையில் என் பக்கத்தில் படுக்கவைத்து, மணிக்கட்டுக்குச் சூட்டுப் பட்டி சுற்றினேன். டோசனில் தன் கூட்டத்தைக் கண்ட பிறகுதான் சாப்பிட்டாள்.

வைட்ஹோர்ஸ் வழியாகத் திரும்பும்போது, இறக்கிய மற்ற இரண்டு நாய்களையும் கொட்டிலில் விட்டோம். அவளையும் விட்டிருக்கலாம், அதுதான் முறை. நான் விடவில்லை. ஃபெயார்பாங்க்ஸில் பந்தயம் முடிந்தது உறைந்த செனா (Chena) ஆற்றின் மேல். நாங்கள் கரையில் நின்றோம், நேரம் நள்ளிரவு தாண்டியிருந்தது. எனக்கு இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஜூனோ திடீரென்று எழுந்து, நொண்டாமல் நின்று, ஆற்றைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வளைவில் மஷரின் நெற்றி விளக்கு தெரிந்தது.