பூட்டிய வீட்டுக்குச் சென்சார்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம், ஆள் அசைந்தால் போனுக்குத் தகவல் அனுப்பும் வைஃபை மோஷன் சென்சார் பற்றியே கடிதங்கள் குவிந்துவிட்டன. நம் பக்கத்தில் பெரிய வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருக்கும் குடும்பங்கள் அதிகம், கேட்கத்தான் செய்வார்கள். காரைக்குடியில் பட்டறை போட்டு போர்டு வேலை பார்க்கிறவன் என்ற முறையில், எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீடு பங்காளிகளுக்குப் பொது. படைப்பு, கல்யாணம் தவிர மற்ற நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கிறது. முகப்பு, வளவு (நடுமுற்றம்), இரண்டாங்கட்டு மூன்றிலும் பேட்டரியில் ஓடும் வைஃபை சென்சார் மாட்டினோம். ஆரம்பத்தில் போனுக்கு உடனே தகவல் வந்தது. இப்போது சில நேரம் தாமதமாக வருகிறது, சில நேரம் வருவதே இல்லை. டாஸ்மோட்டா ஏற்றினால் சரியாகிவிடும் என்று தம்பி மகன் சொல்கிறான். ஏற்றலாமா? (வாசகர், சென்னை)

பதில்: தம்பி மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுக்கு அது பாதி வழிதான்.

இப்போது வளவில் ஒருவர் நடந்தால் அந்தச் செய்தி உங்கள் ரவுட்டர் வழியாகக் கம்பெனியின் சர்வருக்குப் போய், அங்கிருந்து உங்கள் போனுக்கு வருகிறது. சர்வர் தடுமாறினாலும், கம்பெனி அந்தச் சேவையையே நிறுத்திவிட்டாலும் சுவரில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் டப்பா. டாஸ்மோட்டா இந்தச் சுற்றுவழியை அறுத்துவிடும். நெதர்லாந்தைச் சேர்ந்த தியோ ஆரெண்ட்ஸ் தொடங்கிய திறமூல ஃபர்ம்வேர் அது, அதாவது சிப்புக்குள் இருந்து சென்சாரை இயக்கும் மென்பொருள். காசு கிடையாது, மூலநிரலை யாரும் படித்துப் பார்க்கலாம். அதை ஏற்றிவிட்டால் சென்சார் உங்கள் வீட்டுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டரிடம், எம்.க்யூ.டி.டி. முறையில் நேரடியாகச் செய்தி சொல்லும். ராஸ்ப்பெர்ரி பை ஒன்றே போதும். எண்ணெய்க் குழாய்களைத் தூரத்திலிருந்து கண்காணிப்பதற்காக 1999-இல் உருவானது எம்.க்யூ.டி.டி. பலவீனமான இணைப்பிலும் தாக்குப்பிடிக்கிற மாதிரிதான் அமைத்திருக்கிறார்கள்.

முதலில் மூடியைக் கழற்றி உள்ளே எந்தச் சிப் இருக்கிறது என்று பாருங்கள். 2014-இல் வந்த இ.எஸ்.பி. 8266 என்றால் டாஸ்மோட்டா ஏறும். பின்னால் வந்த பல சென்சார்களில் பீக்கன் கம்பெனியின் பி.கே. 7231 சிப் இருக்கிறது. அதில் டாஸ்மோட்டா ஏறாது. ஓப்பன்பீக்கன் என்ற வேறு ஃபர்ம்வேர் வேண்டும். அட்டைப்பெட்டியில் உள்ள பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பெயரில் வந்த இரண்டு சென்சாரைத் திறந்தால் இரண்டு வேறு சிப் இருப்பது சாதாரணம்.

அப்புறம்தான் பெரிய விஷயம். பேட்டரி வைஃபை சென்சாரில் பெரும்பாலும் சிப் இரண்டு இருக்கும். காவல்காரர் ஒருவர், தூது போகிறவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் நடமாட்டத்தைப் பார்ப்பது சின்னச் சிப். அதுதான் வைஃபை சிப்பை எழுப்பி, செய்தி போனதும் அதன் கரன்ட்டை நிறுத்துகிறது. நீங்கள் மாற்றப் போவது தூதரின் ஃபர்ம்வேரை மட்டும். காவல்காரர் பழைய ஆளேதான். டுயாஎம்சியு என்ற ஏற்பாட்டின் மூலம் டாஸ்மோட்டா, ஓப்பன்பீக்கன் இரண்டுமே அந்தச் சின்னச் சிப்போடு பேசும். ஆனால் வைஃபை விழித்திருக்கும் சில நொடிகளுக்குள் ரவுட்டரைப் பிடித்துச் செய்தியை அனுப்பியாக வேண்டும். நிலையான ஐ.பி. முகவரி கொடுத்தால் அதில் கொஞ்ச நேரம் மிச்சமாகும். இன்னொன்று: கரன்ட் சட்டுச் சட்டென்று போய் வருவதை டாஸ்மோட்டா 'பழைய நிலைக்குத் திரும்பு' என்ற உத்தரவாக எடுத்துக்கொண்டு உங்கள் அமைப்பையெல்லாம் அழித்துவிடும். அதனால் டாஸ்மோட்டாவில் செட்ஆப்ஷன்65 என்ற அமைப்பை 1 என்று வைப்பது கட்டாயம். மின்சாரம் விட்டு விட்டு வரும் ஊரில், பிளக்கில் ஓடும் சென்சாருக்கும் இதைச் செய்துவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும், பூட்டிய வீட்டுக்குப் பேட்டரி சென்சாரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காரணம் ஒன்றுதான். பேட்டரி சென்சார் சும்மா இருந்தால், வீட்டில் யாருமில்லை என்று அர்த்தமா, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தமா, இரண்டாங்கட்டுச் சுவரைத் தாண்டி வைஃபை போகவில்லை என்று அர்த்தமா? சென்னையில் இருக்கும் உங்களுக்குத் தெரியவே தெரியாது. தெருவுக்குத் தெரு நீளும் வீடு, செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கனத்த சுவர். சிக்னல் மெலிய மெலியச் சென்சார் அதிக நேரம் விழித்துத் தேடும். பேட்டரியும் அதே வேகத்தில் போகும்.

அதற்குப் பதிலாக நீங்களே ஒன்று செய்துகொள்ளலாம்: டி1 மினி என்ற சின்ன இ.எஸ்.பி. 8266 போர்டு, உடல் சூட்டை வைத்து அசைவைக் கண்டுபிடிக்கும் பி.ஐ.ஆர். கண் (ஏ.எம். 312 அல்லது எச்.சி.-எஸ்.ஆர். 501), ஒரு பழைய போன் சார்ஜர். இது போதும். சார்ஜரை இன்வெர்ட்டர் லைனில் செருகுங்கள். இப்படி எப்போதும் விழித்திருக்கும் சென்சாரில் எம்.க்யூ.டி.டி.-யின் நல்ல குணம் ஒன்று பயன்படும். சொல்லாமல் கொள்ளாமல் சென்சார் தொடர்பு அறுந்தால், 'இது போய்விட்டது' என்று எல்லோருக்கும் அறிவிக்கும்படி முன்கூட்டியே எழுதி வைக்கலாம். டாஸ்மோட்டா தானாகவே அப்படி எழுதி வைக்கிறது. ஒருவன் சென்சாரைப் பிடுங்கினாலும் உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கே கரன்ட்டை வெட்டினால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரும் சேர்ந்து போய்விடுமே என்றால், அதற்குச் சென்னை வீட்டில் ஒரு கருவி அவ்வப்போது பள்ளத்தூர் வீட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும், பதில் இல்லையென்றால் மணி அடிக்க வேண்டும். இதற்கு வயர்கார்ட் போன்ற வி.பி.என்., அதாவது இரண்டு வீட்டுக்கும் இடையே இணையத்தில் ஒரு பூட்டிய பாதை, போட்டுக்கொள்ளுங்கள். எம்.க்யூ.டி.டி. செய்தி வந்து போகும் வாசலான 1883 போர்ட்டை நேரே இணையத்தில் திறந்து வைக்கவே கூடாது.

கேள்வி: நான் டிப்ளமா மாணவன். லேப்டாப்பைச் சென்சார் போர்டோடு இணைக்கும் யு.எஸ்.பி.-டி.டி.எல். அடாப்டர் வாங்கிவிட்டேன். சென்சாரில் ஃபர்ம்வேர் ஏற்றும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்? (வாசகர், தேவகோட்டை)

பதில்: தம்பி, எல்லாவற்றுக்கும் முன்னால் உன் உயிர். பிளக்கில் செருகும் சென்சார் என்றால், பிளக்கில் இருக்கும்போது அதன் போர்டில் அடாப்டரை இணைக்கவே கூடாது. அவற்றில் பல, மெயின்ஸிலிருந்து பிரிக்கப்படாத சப்ளையில் ஓடுபவை. 230 வோல்ட் உன் லேப்டாப்புக்கும் வரும், உன் கைக்கும் வரும். சுவரிலிருந்து கழற்றி, கெப்பாசிட்டரில் தேங்கிய கரன்ட் இறங்கும்வரை பொறுத்து, அடாப்டரிலிருந்து மட்டும் கரன்ட் கொடு.

அந்தக் கரன்ட் 3.3 வோல்ட். அடாப்டரில் 5 வோல்ட்டுக்கு மாற்றும் ஜம்பர் இருந்தால் இரண்டு தடவை பார். சில அடாப்டரின் 3.3 பின் 50 மில்லியாம்பியர் அளவுக்குத்தான் தரும். வைஃபை சிப் அனுப்பும் நேரத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். ஏற்றுவது பாதியில் நின்றால் ஃபர்ம்வேரைச் சந்தேகப்படாதே, சப்ளையைச் சந்தேகப்படு. ஏ.எம்.எஸ். 1117 ரெகுலேட்டர் ஒன்றைத் தனியாக வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

அனுப்பும் பின்னான டி.எக்ஸ். போவது எதிர்ப்பக்கத்தில் பெறும் பின்னான ஆர்.எக்ஸுக்கு, ஆர்.எக்ஸ். போவது டி.எக்ஸுக்கு. கிரவுண்ட் இரண்டுக்கும் பொது. இ.எஸ்.பி. 8266 என்றால் ஜி.பி.ஐ.ஓ. 0 பின்னைக் கிரவுண்டில் தொட்டுக்கொண்டு கரன்ட் கொடுத்தால்தான் ஏற்றும் நிலைக்குப் போகும். பீக்கன் சிப்பில் அந்த வழி கிடையாது. ஏற்றும் மென்பொருளை ஓடவிட்டு, அது தேடிக்கொண்டிருக்கும்போதே சி.இ.என். பின்னைக் கிரவுண்டில் ஒரு கணம் தொட்டு விட வேண்டும். கை பழகக் கொஞ்சம் நேரமாகும். இரண்டு சிப் உள்ள சென்சாரில், சின்னச் சிப்பும் அதே டி.எக்ஸ்., ஆர்.எக்ஸ். தடத்தில் பேசினால் ஏற்றுவது குழம்பும். அப்போது வைஃபை மாட்யூலைப் போர்டிலிருந்து எடுத்துத் தனியாக ஏற்று.

அழிப்பதற்கு முன் பழைய ஃபர்ம்வேரை முழுதாகப் படித்துச் சேமித்து வை. இ.எஸ்.பி.-க்கு இஎஸ்பிடூல் அதைச் செய்யும். அந்தக் கோப்பை மட்டும் நண்பர்களுக்கு அனுப்பிவிடாதே. உன் வீட்டு வைஃபை பாஸ்வேர்டும் அதற்குள் இருக்கலாம். ஏற்றி முடித்ததும் டாஸ்மோட்டா என்று தொடங்கும் வைஃபை பெயர் போனில் தெரியும். இணைத்துக்கொண்டு 192.168.4.1 என்ற முகவரிக்குப் போனால் மற்றதெல்லாம் அங்கேயே கேட்கும்.

கேள்வி: ஃபர்ம்வேர் மாற்றினால் வாரண்டி போய்விடுமா? (வாசகி, கோட்டையூர்)

பதில்: போய்விடும் என்று வைத்துக்கொண்டே இறங்குங்கள். வாரண்டி இருக்கும்வரை கம்பெனி ஆப்பில் ஓட்டிவிட்டு, முடிந்த பிறகு மாற்றுவது நல்லது.

கேள்வி: கானாடுகாத்தானில் ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். சித்திரை, வைகாசியில் மத்தியான நேரம் ஆள் குறுக்கே போனாலும் சென்சார் காட்டுவதில்லை. ஆனால் யாருமில்லாதபோது தானே அடிக்கிறது. புது ஃபர்ம்வேர் போட்டால் நிற்குமா? (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: முதல் கோளாறு நிற்காது ஐயா. அது ஃபர்ம்வேரில் இல்லை, வெயிலில் இருக்கிறது. பி.ஐ.ஆர். கண் ஆளைப் பார்ப்பதில்லை. ஆளின் உடல் சூட்டுக்கும் பின்னால் உள்ள சுவர், தரையின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் நகர்வதைத்தான் பார்க்கிறது. நம் தோலின் சூடு 33, 34 டிகிரி வாக்கில் இருக்கும். அக்கினி நட்சத்திரத்தில் வளவைச் சுற்றிய பத்தியின் சுவரும் அதே சூட்டுக்கு வந்துவிட்டால், நீங்கள் நடந்தாலும் அதற்கு ஒன்றும் தெரியாது.

தானே அடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வைத்த இடம். வளவு வானம் பார்த்தது. வெயில் தரையில் நகரும், சூடான காற்று எழும்பும், பூனை வரும். கண் வானத்தையோ வெயில் விழும் தரையையோ பார்க்காமல் பத்தியின் நீளத்துக்குக் குறுக்கே பார்க்கும்படி மாட்டுங்கள். ஆள் நேராக நடந்து வருவதைவிடக் குறுக்கே கடப்பதைத்தான் பி.ஐ.ஆர். நன்றாகப் பிடிக்கும். நீங்களே செய்த சென்சார் என்றால், வைஃபை போர்டைக் கண்ணோடு ஒட்டி வைக்காதீர்கள். அது அனுப்பும் அலையே கண்ணைத் தட்டிவிடும். ஒரு சாண் ஒயர் விட்டுத் தள்ளி வையுங்கள்.

திறமூல ஃபர்ம்வேர் உதவுவது அடுத்த கட்டத்தில். குறிப்பிட்ட நேரத்துக்குள் இரண்டாவது முறையும் அசைவு தெரிந்தால்தான் மணி அடி, முகப்பும் வளவும் அடுத்தடுத்துச் சொன்னால்தான் போனுக்கு அனுப்பு என்றெல்லாம் நீங்களே விதி எழுதலாம். மத்தியான நேரத்துக்குக் கட்டாயம் காவல் வேண்டுமென்றால் பி.ஐ.ஆருக்குப் பக்கத்தில் எல்.டி. 2410 ரேடார் ஒன்றைச் சேருங்கள். 24 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்வதால் வெயில் அதைப் பாதிக்காது. சுற்றும் ஃபேனையும் ஆடும் திரையையும் ஆள் என்று நினைத்துவிடும் என்பதால் பூட்டிய அறைகளில்தான் அது சிறப்பு.

கேள்வி: என் ஆத்தா இராயவரத்தில் தனியாக இருக்கிறார். கேமரா வைப்பது அவருக்கும் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. காலையில் எழுந்து நடமாடினார் என்று தெரிந்தால் போதும். சென்சார் உதவுமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: உதவும். கேமரா வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு முதியவர் எத்தனை மணிக்கு எழுகிறார், எத்தனை முறை பின்கட்டுக்குப் போகிறார் என்பது அந்நிய சர்வரில் ஏற வேண்டிய விஷயமே இல்லை. நான் திறமூல ஃபர்ம்வேரை இவ்வளவு வலியுறுத்துவதற்கு இதுதான் முதல் காரணம்.

ஆச்சியிடம் சொல்லி, சம்மதம் கேட்டுவிட்டு அடுப்படி வழியில் ஒன்று, படுக்கும் அறைக்கு வெளியே ஒன்று வையுங்கள். இரண்டும் பிளக்கில் ஓடட்டும். ஹோம் அசிஸ்டென்ட் என்ற திறமூல மென்பொருளை வீட்டுக்குள் ஒரு ராஸ்ப்பெர்ரி பையில் ஓட்டி, காலை 7 மணிக்குள் அடுப்படி வழியில் அசைவு இல்லையென்றால் மட்டும் உங்களுக்குத் தகவல் வரும்படி வையுங்கள். நாள் முழுக்க ஒவ்வோர் அசைவும் உங்கள் போனுக்கு வர வேண்டியதில்லை. சென்சார் இணைப்பில் இல்லாதபோது, 'ஆச்சி நடமாடவில்லை' என்று வராமல், 'சென்சார் இணைப்பில் இல்லை' என்று தனியாக வரும்படி செய்யுங்கள். இரண்டும் ஒரே மாதிரி வந்தால் வீணாகப் பதறுவீர்கள்.

சென்சாருக்குள் ஏற்ற, டாஸ்மோட்டா போல இன்னொரு திறமூல ஃபர்ம்வேரான இஎஸ்பிஹோம் இதற்கு நல்ல பொருத்தம். அதில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஹோம் அசிஸ்டென்ட் 15 நிமிடம் கிடைக்காவிட்டால் சென்சார் தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும், திரும்பத் திரும்பச் செய்யும். ரீபூட் டைம்அவுட் என்ற இடத்தில் 0 நொடி என்று எழுதினால் அது நிற்கும். ரவுட்டரையும் ராஸ்ப்பெர்ரி பையையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிவிடுங்கள். பக்கத்து வீட்டில் சாவி வைத்திருப்பவரின் எண்ணையும் அதே தகவலில் சேர்த்து விடுங்கள். தகவல் வந்ததும் நீங்கள் தேடாமல் கூப்பிடலாம்.