பிப்ரவரி 1, மொரீஷியஸ்: கேள்வி பதில்

கேள்வி: பிப்ரவரி 1 மொரீஷியஸில் ஏன் விடுமுறை?

1835-ல் அந்த நாளில்தான் அங்கே அடிமை முறை ஒழிந்தது. ஏறக்குறைய 66,000 பேர் சட்டப்படி விடுதலையானார்கள். ஆனால் 'பயிற்சி' என்று பெயர் வைத்து 1839 வரை பழைய முதலாளியிடமே கூலியில்லாமல் உழைக்க வைத்தார்கள். பிரிட்டிஷ் அரசு தந்த நஷ்டஈடு 20 லட்சம் பவுண்டுக்கு மேல். அதை வாங்கியவர்கள் முதலாளிகள். உழைத்தவர்களுக்கு ஒரு காசு கிடையாது.

கேள்வி: லெ மோர்ன் மலையிலிருந்து அடிமைகள் குதித்தது நிஜமா?

விடுதலைச் செய்தி சொல்ல வந்த போலீஸைப் பார்த்து, மறுபடி பிடிக்க வருகிறார்கள் என்று பயந்து குதித்தார்கள் என்பது வாய்வழியாக வரும் கதை. அந்த மக்கள் அதை மதிக்கிறார்கள், நானும் மதிக்கிறேன். ஆனால் கதையோடு நின்றுவிடாதீர்கள். தப்பியோடியவர்கள் அந்த மலையில் ஒளிந்து வாழ்ந்ததற்குத் தடயமே இருக்கிறது. பிரிட்டிஷாருக்கு முன் தீவை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் 1723-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓடிப்போய் ஒரு மாதம் ஆனவருக்கு இரண்டு காதையும் அறுத்து, ஒரு தோளில் சூடு போடுவார்கள். மறுபடி ஓடினால் முழங்காலுக்குப் பின்னுள்ள நரம்பை வெட்டி, மறு தோளிலும் சூடு. மூன்றாம் முறை மரணம். இது தெரிந்தும் ஓடினார்கள். பிப்ரவரி 1-ல் மலையடிவாரத்தில் மலர் வைப்பது அவர்களுக்காகத்தான்.

கேள்வி: நம் தமிழர்களுக்கும் இதுதானே விடுதலை நாள்?

இதையே பலர் கேட்டுவிட்டீர்கள். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள், அதாவது குறிப்பிட்ட காலம் கூலிக்கு உழைப்பதாக ஒப்பந்தம் செய்தவர்கள், வந்ததை நினைக்கும் நாள் நவம்பர் 2. 1834-ல் 'அட்லஸ்' கப்பல் வந்த நாள் அது. தயவுசெய்து இரண்டையும் கலக்காதீர்கள்.

கேள்வி: ஒப்பந்தம் பேருக்குத்தானே? அதுவும் அடிமைத்தனம்தான்!

ஒத்துக்கொள்ள மாட்டேன். கொடுமை இருந்தது, ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்கள். ஆனால் அவர்களை ஏலத்தில் விற்க முடியாது. பிறக்கும் பிள்ளை முதலாளியின் சொத்து ஆகாது.

கேள்வி: அப்படியானால் தமிழர்கள் அடிமைகளாகவே இருந்ததில்லையா?

இருந்தார்கள். பிரெஞ்சுக் காலத்தில் புதுச்சேரிக் கரையிலிருந்தும் அடிமைகளைக் கப்பலேற்றினார்கள். அதே காலத்தில் நம் கொத்தனார்களும் தச்சர்களும் சுதந்திரமாகப் போனார்கள். அங்கே சுதந்திரமாக வாழ்ந்த இந்தியர்களில் சிலர் அடிமைகளை வைத்தும் இருந்தார்கள். தமிழர்கள் அடிமைகளாக இருந்ததைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஒப்பந்தக் கூலிகள்...

மேலே பார்க்கவும்.

கேள்வி: செகா ஆட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய! அடிமைகள் உருவாக்கிய ஆட்டம் அது. ஆட்டுத்தோல் கட்டிய ரவான் பறையை நெருப்பில் காட்டி, தோல் விறைத்த பிறகே தட்டுவார்கள். அங்கே போனால் ஹோட்டல் நிகழ்ச்சியோடு விடாதீர்கள், கடலோரக் கிராமத்தில் கேளுங்கள்.

கேள்வி: விசா, டிக்கெட் செலவு?

பயண ஏஜெண்டைக் கேளுங்கள். தலைநகர் போர்ட் லூயியில் அடிமை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். பழைய ராணுவ மருத்துவமனைக் கட்டடம் அது, அடிமைகள் கட்டியது.