பிள்ளைகளோடு பறவை பார்க்க எங்கே போகலாம்?

கேள்வி: பொங்கல் லீவில் பிள்ளைகளுக்குப் பறவைகளைக் காட்டணும். வேடந்தாங்கல் ரொம்ப தூரம். பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: ஊசுட்டேரிக்குப் போங்கம்மா. புதுச்சேரிக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டர்தான். ஏரியில் ஒரு பகுதி புதுச்சேரி, மறு பகுதி விழுப்புரம் மாவட்டம். புதுச்சேரிப் பக்கத்தை 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் தங்கும் காலம் என்பதால் பொங்கல் நல்ல சமயம்.

விடிந்ததும் கரையில் இருங்கள், வெயில் ஏறினால் பறவைகள் ஒதுங்கிவிடும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்றால்தான் நிறம் தெரியும். நீர்க்காகம் பட்டுப்போன மரத்தில் இரண்டு இறக்கையையும் விரித்துவைத்து உட்கார்ந்திருக்கும், முங்கி மீன் பிடித்ததில் நனைந்த இறகைக் காயவைக்கிறது. பாம்புத்தாராவைக் கட்டாயம் காட்டுங்கள்: உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள், நீளக் கழுத்து மட்டும் வெளியே, பாம்பு நீந்துகிற மாதிரியே இருக்கும்!

சத்தம் போடவோ பொரி எறியவோ வேண்டாம், தின்பண்டக் கவரை ஒன்றுகூட விடாமல் திரும்ப எடுத்து வாருங்கள். பைனாகுலர் இரவல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், ஒரு நோட்டு. பெயர் தெரியாத பறவை என்றால் அலகு, கால் நிறத்தைப் பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும், வீட்டுக்கு வந்து தேடலாம்.