ஊருணித் தண்ணீரும் செம்மண் கலங்கலும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மழை பெய்தால் எங்கள் ஊருணித் தண்ணீர் செங்காவியாகக் கலங்கிவிடுகிறது. அப்பத்தா சொல்லித் தந்தபடி படிகாரக் கட்டியை நாலு சுற்றுச் சுற்றினால் தெளிந்துவிடும். அதை அப்படியே குடிக்கலாமா? (வாசகி, கண்டனூர்)

பதில்: குடிக்க வேண்டாம். தெளிவு வேறு, சுத்தம் வேறு.

தண்ணீரைக் கலக்கும் களித்துகள் 2 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியது. குடலில் வாழும் ஈ.கோலை கிருமியின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டுக்கும் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளத்தான் வேண்டும். ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் நடுவில் நின்று இரண்டையும் கோத்துவிடுகின்றன. நம் பக்கத்துச் செம்மண்ணில் இன்னொரு விஷயமும் உண்டு. அதற்கு நிறம் கொடுக்கும் இரும்பு ஆக்சைடு பெரும்பாலும் நேர்மின்னேற்றம் கொண்டது. கிருமியை நேராகவே இழுத்துக்கொள்ளும். முதலில் இந்தப் பிடி தளர்வானது, குலுக்கினால் விட்டுவிடும். நேரம் போகப் போகக் கிருமி தன் நுண்ணிழைகளால் பற்றி, கோந்து போன்ற பசையையும் சுரந்து ஒட்டிக்கொள்ளும். அதன்பின் லேசில் விடாது.

மண்ணோடு ஒண்டிய கிருமிக்கு வெயில் உறைக்காது. அதைத் தின்னும் ஒருசெல் உயிர்களுக்கும் எளிதில் எட்டாது. குளோரின் போட்டாலும் மண்ணிலுள்ள மக்கிய இலைதழையோடு வினைபுரிந்தே பாதி செலவாகிவிடும். அதனால் முதலில் மண்ணை இறக்க வேண்டும், மிஞ்சும் கிருமியைப் பிறகு கொல்ல வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

கட்டியைச் சுற்றுவதில் அளவு தெரியாது. 10 கிராம் படிகாரத்தைப் பொடித்து 1 லிட்டர் நல்ல தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஒரு லிட்டர் பாட்டில்களில் கலங்கல் தண்ணீரை நிரப்பி, 1 முதல் 5 மி.லி. வரை வரிசையாக இந்தக் கரைசலை விட்டுக் கலக்கி வையுங்கள். எதில் பஞ்சு பஞ்சாகத் திரண்டு நன்றாக இறங்குகிறதோ, அதுவே அன்றைய அளவு. 3 மி.லி. என்றால், 20 லிட்டர் அண்டாவுக்கு 60 மி.லி. ஊற்றியதும் 1 நிமிடம் வேகமாகக் கலக்கி, பிறகு 10 நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். கடைசிவரை வேகமாகவே கலக்கினால் திரண்டது உடைந்துபோகும். பின்பு 2 மணி நேரம் அண்டாவைத் தொடாதீர்கள்.

புது மழைத்தண்ணீரில் காரத்தன்மை குறைவு. பஞ்சு கட்டாமல் வெண்மூட்டமாகவே நிற்கலாம். அங்கே படிகாரத்தைக் கூட்டினால் தண்ணீர் புளிக்குமே தவிர தெளியாது. சுண்ணாம்புத் தெளிவு ஒரு கரண்டி விட்டால் திரளும்.

அடியில் படியும் செங்குழம்பில்தான் கிருமி அதிகம். மேலாக மொண்டு, அடியில் நாலு விரல் தண்ணீரை விட்டுவிடுங்கள். அதை ஊருணிக் கரையிலோ கிணற்றடியிலோ கொட்டாமல் தள்ளிக் குழியில் ஊற்றுங்கள். மொண்ட தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் 1 நிமிடமாவது அடுப்பில் இருக்கட்டும். தேற்றாங்கொட்டை உரைத்துத் தெளிய வைப்பவர்களும் இப்படியே மேலாக மொண்டு கொதிக்க வைக்க வேண்டும்.

கேள்வி: பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டினால் போதாதா? (வாசகர், பள்ளத்தூர்)

பதில்: வங்கதேசத்துக் கிராமங்களில் பழைய சேலையை மடித்து வடிகட்டியதில் காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2003இல் வெளியான ஆய்வு சொல்கிறது. காலராக் கிருமி மிதவை உயிரிகளின் மேல் தொற்றிக்கொள்ளும். அவை துணியில் சிக்கும் அளவுக்குப் பெரியவை. களித்துகளோ துணி இழைகளின் இடைவெளியில் தாராளமாகப் புகுந்து போகும், கிருமியையும் கூட்டிக்கொண்டு. திரண்ட பஞ்சைப் பிடிக்கத் துணி உதவும், அவ்வளவுதான்.

கேள்வி: ஒரே ஊருணி, ஒரே வாரம், இரண்டு சோதனை. ஒன்றில் கிருமி குறைவு, மற்றதில் ஏகப்பட்டது. எதை நம்புவது? (வாசகர், தேவகோட்டை)

பதில்: அதிகமாக வந்ததை நம்புங்கள். மாடு இறங்கினாலோ வாளி தரை தட்டினாலோ அடிவண்டல் எழும்பி எண்ணிக்கை ஏறும். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மண்துகளில் இருபது கிருமி ஒட்டியிருந்தாலும் சோதனைத் தட்டில் ஒரே புள்ளியாகத்தான் வளரும், எண்ணுபவர் ஒன்று என்றுதான் எழுதுவார். ஆகவே கலங்கல் தண்ணீரில் குறைந்த எண்ணிக்கை ஏமாற்றும். கிருமி நீக்கிய பாட்டிலை மேல்மட்டத்திலிருந்து ஒரு சாண் ஆழத்தில், அடியைக் கலக்காமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுங்கள். இந்தியத் தர அளவுப்படி குடிநீரில் 100 மி.லி.க்கு ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது. கலங்கல் 1 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) வரை, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 5 வரை இருக்கலாம். கலங்கல் அளவையும் சேர்த்து எழுதித் தரக் கேளுங்கள்.