பழைய இபிஏபிஎக்ஸில் புதிய வாய்ஸ் மெயில் சேருமா?

கேள்வி: கோயம்புத்தூரில் உள்ள எங்கள் தணிக்கையாளர் அலுவலகத்தில் 24 எக்ஸ்டென்ஷன்கள் கொண்ட பழைய இபிஏபிஎக்ஸ் (அலுவலக போன்களை இணைக்கும் உள் எக்ஸ்சேஞ்ச்) இருக்கிறது. அதனுடன் இணைக்க நான்கு போர்ட் (ஒரே நேரத்தில் நான்கு அழைப்புகளை எடுக்கும் இணைப்புகள்) கொண்ட வாய்ஸ் மெயில் கருவி ஒன்றுக்கு டீலர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். "எந்த இபிஏபிஎக்ஸிலும் வேலை செய்யும்" என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த ஒரு வாக்கியத்தை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். எக்ஸ்டென்ஷன் ஒயர்கள் நான்கைச் செருகினால் எந்தக் கருவியும் அழைப்பை எடுக்கும். ஆனால், உதாரணமாக, எக்ஸ்டென்ஷன் 215-இல் யாரும் எடுக்காததால் திருப்பிவிடப்பட்ட அழைப்பு அது என்பதை இபிஏபிஎக்ஸ் கருவிக்குச் சொல்லியாக வேண்டும். அனலாக் இணைப்பில், கருவி அழைப்பை எடுத்தவுடன் அந்த எண்ணை இபிஏபிஎக்ஸ் டிடிஎம்எஃப் ஒலிகளாக (போன் பொத்தான்களை அழுத்தும்போது கேட்கும் ஒலிகள்) அனுப்புவது வழக்கம். உங்கள் மாடலில் அந்த வசதி இல்லையென்றால், ஏற்கெனவே 215-ஐ அழுத்திக் காத்திருந்த கட்சிக்காரரிடம் கருவி மறுபடியும் "எக்ஸ்டென்ஷன் எண்ணை அழுத்தவும்" என்று கேட்கும். பலர் அங்கேயே போனை வைத்துவிடுவார்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை, அழைத்தவர் போனை வைத்ததைக் கருவி உணராமல் போவது. நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் பல நிமிடங்களுக்கு எங்கேஜ் டோன் மட்டுமே பதிவாகியிருந்தது. போர்ட்டுகள் எல்லாம் அப்படிப் பிடிபட்டுக் கிடந்ததால் அடுத்து அழைத்தவர்களுக்கு வழியே இல்லை. நம் நாட்டில் எங்கேஜ் டோன் 400 ஹெர்ட்ஸில் முக்கால் விநாடி ஒலித்து முக்கால் விநாடி நிற்கும். அமெரிக்காவில் 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்து அரை விநாடி ஒலித்து அரை விநாடி நிற்கும். அந்தக் கருவி அமெரிக்க அமைப்பிலேயே விடப்பட்டிருந்ததால், அழைத்தவர் போனை வைத்த பின் ஒலிக்கும் நம் டோனை அது அடையாளம் காணவில்லை. இபிஏபிஎக்ஸ் தனக்கென்று வேறு டோன் தருவதும் உண்டு என்பதால், அதை அளந்து கருவியில் பதிந்து கொடுப்பது டீலரின் பொறுப்பு.

செய்தி வந்திருப்பதைக் காட்டும் விளக்கு, அதற்காகக் கருவி அனுப்பும் குறியீட்டை இபிஏபிஎக்ஸ் ஏற்றுக்கொண்டு, மேசையில் உள்ள போனிலும் விளக்கு இருந்தால்தான் எரியும். எஸ்ஐபி (கணினி நெட்வொர்க் மூலம் அழைப்புகளைக் கொண்டுசெல்லும் முறை) வழியாக இணைக்கலாம் என்று டீலர் சொன்னால், அதற்குரிய லைசென்ஸ் கட்டணம் கொட்டேஷனில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். வாய்ஸ் மெயில் போர்ட்டுகளிலிருந்து எஸ்டிடி, ஐஎஸ்டி அழைப்பு போகாதபடி முதல் நாளே தடுத்துவிடுங்கள். கருவியுடன் வரும் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டால், வெளியிலிருந்து அழைப்பவர் உங்கள் செலவில் வெளிநாடு பேச வழி திறந்துவிடும்.

உங்கள் இபிஏபிஎக்ஸின் மாடலையும் மென்பொருள் பதிப்பையும் பர்ச்சேஸ் ஆர்டரில் குறிப்பிட்டு, உங்கள் அலுவலகத்திலேயே டெமோ காட்டிய பிறகுதான் மீதித் தொகை என்று எழுதுங்கள். டெமோவின்போது கைபேசியிலிருந்து அழையுங்கள். மூன்று சொற்கள் பேசிவிட்டுச் சட்டென்று துண்டியுங்கள். போர்ட் எத்தனை விநாடியில் விடுபடுகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். எழுத்தில் வாங்குவதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்குவோருக்கு விலக்கு உண்டு என்றாலும், 24 எக்ஸ்டென்ஷன் கொண்ட அலுவலகம் அந்த விலக்கைக் கோரினால் டீலர் தரப்பு அதை எதிர்த்து வாதிடும். அப்போது உங்களுக்குத் துணை நிற்பது அந்தப் பர்ச்சேஸ் ஆர்டர்தான்.